கடைசி நடை எத்தனை மணிக்கு?

குடும்பக் குழு, திங்கள் இரவு

அத்தை: இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். முழுதாக ஒரு மணி நேரம் நின்றேன். ஏழு நாற்பது பஸ்ஸைப் போன மாதமே நிறுத்திவிட்டார்களாம். நிறுத்தத்துப் பலகையில் இன்னும் ஏழு நாற்பது என்றுதான் எழுதியிருக்கிறது.

தம்பி: கைபேசியில் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கலாமே அத்தை?

அத்தை: பார்க்காமல் இருப்பேனா? ரயில் நேரம் காட்டுகிறது. காரில் போனால் எவ்வளவு, நடந்தால் எவ்வளவு என்றும் காட்டுகிறது. நம் பஸ்ஸைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

நான்: உங்கள் கைபேசி மேல் தவறில்லை அத்தை. பஸ் நேரத்தை யாராவது கொடுத்தால்தானே செயலி காட்டும்? அட்டவணை டிப்போவுக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா: வரவில்லை என்று சொல்லாதே அம்மா. இணையதளத்தில் பிடிஎஃப் போட்டிருக்கிறார்கள். நானே பார்த்தேன்.

சித்தப்பா: அந்தப் பிடிஎஃப் எனக்கு உதவாது அண்ணா. பார்வை மங்கிய பிறகு கைபேசி வாசித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறேன். அவர்கள் காகிதத்தைப் படம் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். திறந்தால் ‘படம்’ என்று ஒரு சொல்லோடு குரல் நின்றுவிடுகிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்வேன். இல்லையென்றால் அன்றைக்குப் பயணமே இல்லை.

பெரியப்பா: இதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே.

நான்: சித்தப்பா சொல்வதுதான் விஷயம். கண்ணால் மட்டும் பார்க்கக்கூடிய தாள் போதாது, கணினி படிக்கும் வடிவத்திலும் வேண்டும். அதற்கு உலகம் முழுவதும் பயன்படும் பொது வடிவம் ஒன்று இருக்கிறது. ஜிடிஎஃப்எஸ் என்பார்கள். ஜிப் கோப்பு ஒன்றுக்குள் சில உரைக் கோப்புகள் இருக்கும். நிறுத்தங்களுக்கு ஒன்று, வழித்தடங்களுக்கு ஒன்று, நடைகளுக்கு, அதாவது பஸ் புறப்பட்டுப் போய்ச் சேரும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும், ஒன்று. எந்த நடை எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது இன்னொன்று. எந்தக் கிழமையில் ஓடும் என்பதற்கும் தனிக்கோப்பு. எல்லாம் காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துதான்.

தம்பி: இது கூகுளுடையது இல்லையா அக்கா?

நான்: தொடங்கியது அங்கேதான். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான டிரைமெட்டில் பிபியானா மெக்ஹியூ என்பவர் வேலை பார்த்தார். கார் போகும் வழியை இணையத்தில் இவ்வளவு எளிதாகப் பார்க்க முடிகிறபோது பஸ் வழியைப் பார்க்க முடியவில்லையே என்ற ஆதங்கம் அவருக்கு. கூகுளோடு சேர்ந்து 2005-இல் அதைச் செய்து காட்டினார்கள். அதற்காகப் பிறந்ததுதான் ஜிடிஎஃப்எஸ். அதிலுள்ள ஜி என்ற எழுத்து முதலில் கூகுளைக் குறித்தது. பல நிறுவனங்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு ‘பொது’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பெரியப்பா: முப்பது வருடம் நேரக் காப்பாளராக இருந்தவன் கேட்கிறேன், பதில் சொல். கடைசி நடை இரவு பதினொன்று ஐம்பதுக்குப் புறப்பட்டு, பன்னிரண்டு நாற்பதுக்குப் போய்ச் சேரும். அந்த நாற்பதை எந்தத் தேதியில் எழுதுவாய்? இதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தவறு செய்வார்கள்.

நான்: 24:40 என்று எழுத வேண்டும் பெரியப்பா. நாள் மாறினாலும் நடை மாறுவதில்லை என்பதால் நள்ளிரவுக்குப் பிறகும் மணி ஏறிக்கொண்டே போகும். விடியற்காலை ஒன்றரை என்றால் 25:30.

பெரியப்பா: அட! எங்கள் பேரேட்டிலும் முந்தைய நாள் கணக்கில்தான் எழுதுவோம். சரி, இன்னொன்று. நிறுத்தத்தின் பெயர் ஒன்றுதான், ஆனால் போகிற பஸ் சாலையின் இந்தப் பக்கம் நிற்கும், வருகிற பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும்.

நான்: இரண்டுக்கும் தனித்தனி அடையாள எண், தனித்தனி அட்சரேகை, தீர்க்கரேகை. பெயர் மட்டும் ஒன்றாக இருக்கலாம். பண்டிகை நாளில் மட்டும் ஓடுவதற்கும், விடுமுறையில் நிறுத்துவதற்கும் தேதி வாரியாக விதிவிலக்குக் கோப்பு இருக்கிறது.

பெரியப்பா: இதை எழுதியவர் டிப்போவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

சித்தப்பா: அப்புறம் ஏன் அண்ணா கொடுக்க மறுக்கிறார்கள்?

பெரியப்பா: பயம்தான். தவறாக ஒரு நேரம் வெளியே போய்விட்டால் திட்டு வாங்குவது யார்? ஓட்டுநரும் நடத்துநரும். இன்னொன்றும் உண்டு. நம் தரவை எடுத்து வேறு யாரோ செயலி செய்து காசு பார்ப்பார்களே என்ற எண்ணம்.

நான்: திட்டு இப்போதும் விழுகிறதே பெரியப்பா. இன்றைக்கு அத்தை யாரைத் திட்டிக்கொண்டே நின்றிருப்பார்? திறந்து வைத்தால் தவறு நான்கு பேர் கண்ணில் பட்டுத் திருந்தும். மூடி வைத்தால் அதே தவறு பலகையில் வருடக்கணக்கில் நிற்கும். யாரோ செயலி செய்து காசு பார்த்தால் பார்க்கட்டும், அந்தச் செயலியைப் பார்த்துவிட்டு மக்கள் ஏறப்போவது நம் பஸ்ஸில்தானே? அட்டவணை பொதுப்பணத்தில் போட்டது. காத்திருக்கிறவருக்கு அதைத் தர மறுக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

தம்பி: இங்கிலாந்தில் சட்டமே இருக்கிறது என்று படித்தேன்.

நான்: ஆமாம். 2017-இல் பஸ் சேவைச் சட்டம் வந்தது, 2020-இல் அதற்கான விதிகள் வந்தன. உள்ளூர் பஸ் நடத்தும் தனியார் நிறுவனங்களும் நேரம், கட்டணம், பஸ் இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவாகக் கொடுத்தாக வேண்டும்.

அத்தை: அட்டவணையே இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள்?

நான்: நைரோபியில் மட்டாட்டு என்று சிறு பஸ்கள் ஓடுகின்றன, தனியார் நடத்துவது. அங்கே மாணவர்கள் கைபேசியோடு ஏறி, வழியெல்லாம் பதிவு செய்து, 2014-இல் வரைபடமும் தரவும் வெளியிட்டார்கள். அச்சிட்ட அட்டவணை கையில் இருக்கிற நாம் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தம்பி: பஸ் இப்போது எங்கே வருகிறது என்பதும் தெரியுமா?

நான்: அது அடுத்த படி. நேரலைத் தரவுக்குத் தனி வடிவம் 2011-இல் வந்தது. பஸ்ஸில் கருவி வேண்டும், தொடர்ந்து அனுப்ப வேண்டும். முதலில் அட்டவணை வரட்டும். பழைய கோப்பை அப்படியே விட்டுவிடாமல் மாறும்போதெல்லாம் புதுப்பிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அந்தப் பலகை மாதிரி ஆகிவிடும்.

செவ்வாய் காலை

நான்: போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். மூன்று கோரிக்கைகள். அட்டவணையைக் கணினி படிக்கும் வடிவில் வெளியிட வேண்டும். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரிமத்தில் எழுதித் தர வேண்டும். நேரம் மாறினால் மாறும் நாளுக்கு முன்பே கோப்பில் ஏற்ற வேண்டும்.

சித்தப்பா: என்னைப் போன்றவர்கள் பயன்படுத்துவதையும் எழுது. எங்களை மறந்துவிடுகிறார்கள்.

நான்: அதைத்தான் முதல் பத்தியாக வைத்திருக்கிறேன் சித்தப்பா.

அத்தை: ஏழு நாற்பதையும் எழுது.

பெரியப்பா: தட எண் மட்டும் போதாது என்று ஒரு வரி சேர். அதே எண்ணில் பாதி வழியில் திரும்பும் நடைகள் உண்டு. எது எங்கே திரும்புகிறது என்பது டிப்போ பேரேட்டில் மட்டும்தான் இருக்கும், பலகையில் இருக்காது. அதைக் கேட்டு வாங்கு. என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை என்றால் என்னையும் அழைத்துப் போ.

நான்: வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறீர்களா பெரியப்பா?

பெரியப்பா: ஒன்பதரைக்கே வந்துவிடுகிறேன். பழைய கையேடும் எடுத்து வருகிறேன்.