பாதியில் நிற்கும் லினக்ஸ் இன்ஸ்டால்: பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டிய கதைகள்

தங்கச்சி பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். 2011-ல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்ப கால மாடல். விண்டோஸ் 7-ம், இலவச இயங்குதளமான பாஸ் லினக்ஸும் சேர்த்தே ஏற்றித் தந்தார்கள். 2 ஜிபி ராமோடு வந்ததில் பிற்பாடு இன்னொரு 2 ஜிபி போட்டோம். விண்டோஸ் 11-க்கு வாய்ப்பே இல்லை, அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. சரி, லினக்ஸிலேயே இலகுவான வகையான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடலாம் என்று உட்கார்ந்தேன்.

பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலேயே, அருமையாக ஓடியது. வைஃபை, ஒலி எல்லாம் வந்தது. இன்ஸ்டால் கொடுத்தால் மட்டும் பாதியில் நின்று, 'எர்நோ 5, இன்புட் அவுட்புட் எரர்' என்று ஒரு பெட்டி. சிடி, டிவிடி பழுதாக இருக்கலாம், லென்ஸைத் துடைத்துப் பார், ஹார்ட் டிஸ்க் பழசா பார், கம்ப்யூட்டரைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்று என்று அதில் நீளமான அறிவுரை. மே மாதச் சென்னையில் குளிர்ச்சியான இடத்துக்கு எங்கே போவது?

மின்ட் மொத்தமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு சிதையாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண் சரியாகவே இருந்தது. லைவிலேயே, ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டிப் பார்த்தேன். அதில் கெட்ட இடங்களை எண்ணும் 5, 197 ஆகிய இரண்டு வரிகளிலும் பூஜ்யம்தான். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஒருமுறை தொடங்கிய உடனே நிற்கிறது, இன்னொரு முறை முக்கால்வாசி போய் நிற்கிறது. பென்டிரைவில் கெட்ட இடம் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தானே நிற்க வேண்டும்? இடம் மாறிக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் ராம்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த நீண்ட அறிவுரையில் ராம் என்ற சொல்லே இல்லை.

பூட் மெனுவில் மெமரி டெஸ்ட் இருந்தது. ஓடவிட்டதும் சிவப்பு வரிகள் சரசரவென்று இறங்கின. அடிமூடியைக் கழற்றி, இருபக்கக் கிளிப்பையும் விலக்கினால் ராம் சாய்வாக எழும்பி நிற்கும். பென்சில் ரப்பரால் தங்கப் பற்களைத் தேய்த்துப் போட்டும் பயனில்லை. ஒவ்வொன்றாகத் தனியே போட்டு ஓட்டினேன். கூட வந்தது சுத்தம், பிற்பாடு வாங்கிப் போட்டதுதான் வில்லன். அதைக் கழற்றியதும் மின்ட் ஒரே மூச்சில் ஏறியது.

லைவில் மட்டும் எப்படி ஓடியது என்றால், லைவ் தேவைப்படும் கோப்புகளை மட்டும் எடுக்கும். இன்ஸ்டாலர் சுருக்கி வைத்த மொத்தத்தையும் விரித்துப் படிக்கும். அதில் ஒரு பிட் புரண்டாலும் போச்சு.

*

மேலே எழுதியவருக்கு ராம், என் கேஸ் வேற. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை நெட்டிலிருந்து இறக்கியபடியே ஏற்றும் நெட் இன்ஸ்டால். நெட் வருகிறது, ஆனால் மிரர் (பேக்கேஜ்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்) எதை மாற்றினாலும் பேக்கேஜ் இறங்கவில்லை. ஆல்ட், எஃப்4 அழுத்தி லாக்கைப் பார்த்தால், பேக்கேஜ் பட்டியலோடு வரும் தேதியிட்ட ரிலீஸ் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்கிறது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போனால் தேதி 2009! அந்தக் கணக்கில் கோப்பின் தேதி இன்னும் வரவே இல்லை. மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரி செத்திருக்கிறது. தேதியைக் கையால் மாற்றியதும் இறங்க ஆரம்பித்தது. பேட்டரியைப் பொறுமையாக அப்புறம் மாற்றினேன்.

*

நான் மூன்றாவது ஆள். எனக்கு இன்ஸ்டால் முழுசாக முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்'. பென்டிரைவ் லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆகியிருக்கிறது, பயாஸோ யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையை மட்டும் தேடுகிறது. லைவில் டெர்மினலைத் திறந்து /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யுஇஎஃப்ஐ, இல்லையென்றால் லெகசி. இன்ஸ்டால் பட்டனைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுவது உத்தமம்.

*

முதலில் எழுதியவன்தான். மிச்சமிருக்கும் 2 ஜிபியில் மின்ட் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். குறைந்தது 2, வசதிக்கு 4 என்று மின்ட்காரர்களே சொல்கிறார்கள். ஓடுகிறது; பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் திணறுகிறது. சென்னை ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 வகை ராம் கிடைக்கும். ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் திருப்பித் தருவேன் என்று முன்பே பேசி வாங்குங்கள். வாங்கி வந்ததும் முதல் வேலையாக மெமரி டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்.