1955 பாக்சிங் படத்துக்கு தமிழ் சப்டைட்டில், பாதிக்கு மேல சிங்க் ஆகல

ஸ்டான்லி குப்ரிக்கோட 'கில்லர்ஸ் கிஸ்' படத்துக்கு தமிழ் சப்டைட்டில் பண்ணிட்டிருக்கேன், அப்பாவுக்கு காது சரியா கேக்காது, அவருக்குப் போட்டுக் காட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. இப்ப நடுவுல மாட்டிக்கிட்டேன்.

என்கிட்ட இருக்கறது டிவிடில இருந்து எடுத்த எம்கேவி வீடியோ ஃபைல், 67 நிமிஷம், செகண்டுக்கு 23.976 ஃபிரேம். நான் மொழிபெயர்த்த ஆங்கில எஸ்ஆர்டி (சப்டைட்டில் ஃபைல்) செகண்டுக்கு 25 ஃபிரேம் ஓடற காப்பிக்கு டைம் பண்ணது, அதனால படம் முடியறதுக்கு கிட்டத்தட்ட 3 நிமிஷம் முன்னாடியே வரியெல்லாம் தீர்ந்துடுச்சு. விஎல்சி பிளேயர்ல டிலே வச்சு பார்த்தேன், ஆரம்பம் கெட்டுப்போகுது. சப்டைட்டில் எடிட் சாஃப்ட்வேர்ல ஃபிரேம் ரேட் மாத்தினேன், பாக்சிங் மேட்ச் வரைக்கும் கச்சிதமா வருது, ஆனா நாயகி குளோரியா அவ அக்கா கதைய சொல்ற பாலே சீன் தாண்டினதும் 8 செகண்ட் லேட், கடைசில அந்த பொம்மை குடோன் சண்டை வரைக்கும் அதே 8 செகண்ட்தான், கூடவும் இல்ல குறையவும் இல்ல.

வாயசைவ வச்சு பிடிக்கலாம்னா அதுவும் முடியல, காசில்லாம எடுத்த படம், மொத்த வசனமும் பின்னாடி டப் பண்ணது, பாலே சீன்ல வெறும் குரல் மட்டும்தான். வேவ்ஃபார்ம் (ஒலியோட அலை வரைபடம்) பார்த்தா இசையும் பேச்சும் கலந்து கிடக்கு. ரெண்டு ராத்திரி இதுலயே போச்சு.

எந்த வரில இருந்து அந்த 8 செகண்ட முன்னாடி இழுக்கணும்னு துல்லியமா கண்டுபிடிக்க வேற என்ன வழி இருக்கு?