எண்ணூர் கழிமுகம்: பிளாங்கிலேயே தாலேட் வருகிறது, மாதிரியை எப்படி எடுப்பது?

தண்டையார்பேட்டை மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. ஆய்வுக்காக எண்ணூர் கழிமுகத்திலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் வேதிப்பொருள்களான பிஸ்பினால்-ஏ, டி.இ.ஹெச்.பி. தாலேட் இரண்டையும் அளக்கிறேன். சுத்த நீரில் ஓட்டிய பிளாங்கிலேயே (மாதிரி இல்லாமல் செய்யும் வெற்றுச் சோதனை) கால்வாய்த் தண்ணீருக்குச் சமமாக டி.இ.ஹெச்.பி. வருகிறது. தவறு எங்கே நடக்கும்? காட்டுக்குப்பம் மீனவர்கள் மடவையையும் இறாலையும் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நேர்மையாக என்ன சொல்லலாம்?

கண்ணாடிக்குடுவை:
முதலில் பிளாங்கைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். கருவியில் வெறும் ஊசி, அடுத்து கரைப்பான் மட்டும், அடுத்து கேட்ரிட்ஜ் (தண்ணீரிலிருந்து பொருளைப் பிடித்து வைக்கும் சிறு குழல்), அடுத்து முழு செய்முறை, கடைசியில் படகில் திறந்து மூடிய பிளாங்க். எந்தப் படியில் அளவு எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு. கரைப்பானை 100 மடங்கு சுண்டவைத்து ஓட்டினால் அதன் குட்டு வெளிப்படும்.

கண்ணாடிச் சாமான்களை 450 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டு, சுட்ட அலுமினியத் தாளால் மூடி வையுங்கள். திறந்து வைத்தால் ஆய்வகத் தூசியிலிருந்து தாலேட் திரும்ப ஏறிவிடும். அளவுக் குடுவைகளைச் சுடாதீர்கள். அசிட்டோன், ஹெக்சேன் கொண்டு அலசினால் போதும். வினைல் கையுறை வேண்டாம், நைட்ரைல் போடுங்கள். பாலிகார்பனேட் கேன் தண்ணீரில் புட்டியை அலசவே கூடாது. பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு போன்ற வெப்பத்தாளைத் தொட்ட கையோடு மாதிரி எடுத்தால் பிஸ்பினால்-ஏ ஏறக்கூடும்.

டி.இ.ஹெச்.பி. தண்ணீரில் தங்கப் பிடிக்காத பொருள். புட்டிச் சுவரிலும் மிதக்கும் துகளிலும் ஒட்டிக்கொள்ளும். 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளில் வடித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் அளந்தால் பெரும்பகுதி வடிதாளோடு போய்விடும். வடிதாளைத் தனியாகப் பிரித்தெடுங்கள். காலிப் புட்டியைக் கரைப்பானால் அலசி அதையும் சேருங்கள். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய உள்தரங்களை, அதாவது இழப்பைக் கணக்கிடத் தெரிந்த அளவில் சேர்க்கும் அதே பொருள்களை, வடிப்பதற்கு முன்பே போடுங்கள், கடைசியில் போட்டால் இழப்பு தெரியாது. ஒரே ஒரு பிளாங்கைக் கழித்துவிட்டு எண் எழுதாதீர்கள். குறைந்தது 7 பிளாங்க் ஓட்டி, சராசரியோடு திட்டவிலக்கத்தின் 10 மடங்கைக் கூட்டுங்கள். அதற்குக் கீழே வருவதை அளவாக எழுதக்கூடாது.

ஓதம் பார்ப்பவர்:
வற்று முடியும் நேரத்தில் எடுங்கள். ஏற்றத்தில் எடுத்தால் கடல் நீரைத்தான் அளப்பீர்கள். உப்புத்தன்மையையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். கேட்ரிட்ஜில் தண்ணீர் ஓடி முடிந்ததும் 5 சத மெத்தனால் கலந்த சுத்த நீர் 5 மி.லி. விட்டு உப்பைக் கழுவாவிட்டால் பிஸ்பினால்-ஏ சிக்னல் அமுங்கிப்போகும்.

தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள். பிஸ்பினால்-ஏ காற்றோட்டமுள்ள நீரில் சில நாளில் சிதையும். ஆனால் சேறு பழைய கணக்கை வைத்திருக்கும். மேல் 2 செ.மீ. சேற்றை எஃகுக் கரண்டியால் எடுங்கள். இங்கே இரண்டு சிக்கல்: அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தில் எரியாத கரி பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய இடங்களில் அதன் எச்சம் கருவியைக் குழப்பலாம். சேறு ஒவ்வொன்றிலும் கரிம அளவையும் அளந்தால்தான் இடத்துக்கு இடம் ஒப்பிட முடியும்.

செவுள்:
உயிரியல் பக்கம். ஆண் மீன் ரத்தத்தில் வைட்டலோஜெனின் என்ற முட்டைப் புரதம் இருந்தால், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல ஏதோ வேலை செய்கிறது என்று பொருள். கனடாவின் ஆய்வு ஏரி ஒன்றில் 2001 முதல் 2003 வரை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் (கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன்) கலந்தபோது, அங்கிருந்த ஒரு சிறு மீனினம் ஏறக்குறைய அழிந்தேபோனது. ஆனால் மடவை கடலுக்கும் கழிமுகத்துக்கும் போய்வரும்; அது எங்கே இதை வாங்கியது என்று சொல்ல முடியாது. இடத்தைச் சுட்ட வேண்டுமானால் ஒட்டியே வாழும் பச்சை ஆளியைச் சேருங்கள். கெண்டைக்குச் செய்த சோதனைக் கிட் மடவையில் ஒழுங்காக வேலை செய்யாது. முதலில் ஈஸ்ட்ராடையால் (இயற்கை ஈஸ்ட்ரோஜன்) ஊசி போட்ட மடவையில் சரிபாருங்கள்.

மீனவர்களுக்குத் தண்ணீரின் அளவைச் சொல்லி விடை கொடுக்காதீர்கள். தசையில் அளக்க வேண்டும். ஒரு கிராமில் 1 நானோகிராம் பிஸ்பினால்-ஏ என்று வைத்துக்கொள்வோம். 150 கிராம் மீன் தின்றால் 150 நானோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பிஸ்பினால்-ஏவுக்கு வைத்த வரம்பு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 2,40,000 நானோகிராம், எனவே கவலையில்லை. அதே ஆணையம் 2023இல் அதை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. அப்படியானால் 12 நானோகிராம்தான், பல மடங்கு தாண்டிவிடும். இரண்டு கணக்கையும் அவர்கள் முன் வையுங்கள். குழந்தைகளுக்கு எடை குறைவு என்பதால் அவர்களுக்குத் தனியாகப் போடுங்கள்.