ரவிராஜ் வழக்கில் தீர்ப்புச் சொன்ன ஏழு பேர்: ஜூரி முறை நமக்கு வேண்டுமா?

குமரன் (வெள்ளவத்தை)
2006 நவம்பர் 10 காலையில் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜை கொழும்பு நாரஹேன்பிட்டியில் சுட்டுக் கொன்றார்கள். பத்து வருடம் கழித்து, 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் பொதுமக்களில் இருந்து எடுத்த ஏழு சிங்கள ஜூரிகள் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) ஐந்து பேரையும் விடுவித்தார்கள். அதே வருடம் ஜூலையில் குமாரபுரம் வழக்கு. 1996இல் 24 தமிழர்கள் கொல்லப்பட்ட ஊர் அது, திருகோணமலை மாவட்டம். வழக்கை அநுராதபுரத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் சிங்கள ஜூரி, ஆறு இராணுவத்தினருக்கும் விடுதலை.

அந்த ஜூரிகள் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை யார் தெரிவுசெய்தார்கள் என்று கேட்கிறேன். எந்த மொழிப் பட்டியலில் இருந்து ஜூரி வேண்டும் என்பதை எதிரி சொல்லலாம். செத்தவரின் குடும்பம் வாய் திறக்க முடியாது. இந்த முறையை எடுத்துவிட வேண்டும்.

நளாயினி (கொட்டாஞ்சேனை)
குமரன் அண்ணா, கோபம் நியாயம்தான், முடிவுதான் பிழை. கூண்டில் நிற்பவருக்கு எதிரே பொலிஸ், சட்டமா அதிபர் என்று முழு அரசும் நிற்கிறது. அதனால்தான் அந்தத் தெரிவு அவருக்கு. நாளைக்கு நம் பொடியன் ஒருவன் அங்கே நின்றால் தமிழ் பேசும் ஜூரியைக் கேட்க அதே சட்டம் இடம் தருகிறது.

கிரிக்கெட் வீரர் சதாசிவத்தை நினைத்துப் பாருங்கள். மனைவியைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு, ஏறக்குறைய 20 மாதம் சிறை. நீதிபதி கிரேஷன், எதிரி தரப்பில் கொல்வின் ஆர். டி சில்வா, 57 நாள் விசாரணை. 1953இல் அவரை விடுவித்தது ஒரு ஜூரிதான்.

இன்னொன்று, ரவிராஜோடு செத்த பொலிஸ் சார்ஜன்ட் சிங்களவர். அந்த ஏழு பேரும் இனத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வீர்கள்?

குமரன்
சொல்ல முடியாது தங்கச்சி. என் பிரச்சினையே அதுதான். ஜூரி காரணம் சொல்வதில்லை. ‘குற்றவாளி அல்ல’ என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். ஏழில் ஐந்து பேர் ஒத்துக்கொண்டாலே போதும். எந்தச் சாட்சியை நம்பினார்கள், எதைத் தள்ளினார்கள் என்று அந்தக் குடும்பத்துக்குக் கடைசி வரை தெரியாது. மேன்முறையீட்டில் எதைப் பிடித்து வாதாடுவது?

மிருசுவில் வழக்கைப் பாருங்கள். 2000இல் யாழ்ப்பாணத்தில் எட்டுத் தமிழரைக் கொன்றதற்கு, இதே கொழும்பில் ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரித்து 2015இல் ஓர் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தார்கள். காரணத்தை எழுதி வைத்தார்கள். 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020இல் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தது வேறு துயரம்.

நளாயினி
அப்படியானால் பிந்துனுவெவ, 2000இல் புனர்வாழ்வு முகாமில் தமிழ்ப் பொடியன்களைக் கொன்ற வழக்கு? அதையும் நீதிபதிகள்தான் விசாரித்தார்கள். 2003இல் தண்டித்தார்கள், 2005இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் விடுவித்துவிட்டார்கள். காரணம் எழுதியிருந்ததால் செத்த பொடியன்களின் தாய்மாருக்கு என்ன ஆறுதல்?

மணியம் (தெகிவளை)
நான் பல வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்த்தவன். நீங்கள் இரண்டு பேருமே தொடாத இடம் ஒன்று இருக்கிறது.

ஊர் பெயர் வேண்டாம். ஒரு கொலை வழக்கு, சிங்கள ஜூரி, சாட்சி வயதான தமிழ்ப் பெண். ‘இவரைத்தான் கண்டீர்களா?’ என்று கேட்டார்கள். அந்த அம்மா எதிரியை நேராகப் பார்த்து, “ஓம் ஐயா, இவர்தான் எண்டு நினைக்கிறன்” என்றார். நம் ஆட்கள் பெரியவர்கள் முன்னால் அப்படித்தான் பேசுவார்கள். அதில் சந்தேகம் இல்லை, பணிவு இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளன் சொல்லுக்குச் சொல் போக வேண்டும். நான் சிங்களத்தில் ‘ஹிதனவா’, அதாவது ‘நினைக்கிறேன்’, என்றேன். ஜூரியின் காதில் அது ‘சரியாகத் தெரியவில்லை’ என்று விழுந்தது. எதிரி தரப்புச் சட்டத்தரணி உடனே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

நீதிபதிக்குத் தமிழ் தெரிந்தாலாவது அந்த அம்மாவின் குரலைக் கேட்டு விளங்கியிருப்பார். அந்த ஏழு பேருக்கும் என் குரல் மட்டும்தான் கேட்டது.

நளாயினி
மணியம் ஐயா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நான் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். முக்கிய சாட்சிகள் எல்லாரும் தமிழில் பேசும் வழக்கில் சிங்களப் பட்டியலை மட்டும் தெரிவுசெய்வது நியாயமில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்ட ஜூரி வேண்டும். ஆனால் ஜூரியே வேண்டாம் என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன்.

குமரன்
இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஏழு பேரை அநுராதபுரத்தில் எங்கே போய்த் தேடுவது? கிடைக்கும் வரைக்கும் மூன்று நீதிபதிகளிடம் கொடுங்கள். குறைந்தது எழுத்தில் ஒரு காரணமாவது கையில் கிடைக்கும்.

ஐயா, ஒன்று கேட்கிறேன். ‘அது சந்தேகம் இல்லை’ என்று நீங்கள் அப்போதே சொல்லியிருக்கலாமே?

மணியம்
சொன்னேன் தம்பி. நீதிபதியிடம் அனுமதி கேட்டு, அந்தச் சொல் நம் பேச்சில் எப்படி வரும் என்று விளக்கினேன். ஜூரிகளில் ஒருவர், கண்ணாடி போட்ட ஓர் ஆசிரியை மாதிரி, தன் தாளில் எழுதியிருந்ததை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். மற்ற ஆறு பேரின் கையில் பேனாவே இல்லை.