விளம்பரத்துக்குப் பணம் போகிறது, விசாரிப்பு வரவில்லை: எங்கே தவறுகிறோம்?

மரப்பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய மர நாற்காலி, மேசை, அலமாரி ஆகியவற்றைப் பழுதுபார்த்து மெருகேற்றித் தரும் சிறு பட்டறை ஒன்றை நானும் என் தம்பியும் நடத்தி வருகிறோம். ஒருவர் சொல்லி மற்றொருவர் வரும் வகையில்தான் இதுவரை வேலை வந்துகொண்டிருந்தது. கையிலிருக்கும் வேலை முடிந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாத நிலை நீடித்ததால், மூன்று மாதங்களுக்கு முன் இணையத்தில் விளம்பரம் செய்யத் தொடங்கினோம்.

முதல் இரண்டு மாதங்கள் சமூக வலைத்தளம் ஒன்றில் எங்கள் படங்களுக்குக் கீழே இருக்கும், அவற்றை மேலும் பலருக்குக் காட்டுவதற்கான பூஸ்ட் பொத்தானை அழுத்திப் பணம் கட்டினோம். உப்புத்தாள் போடுவதற்கு முன்னும் மெருகெண்ணெய் பூசிய பின்னும் எடுத்த படங்களுக்கு விருப்பக்குறிகள் குவிந்தன. ‘அருமை’ என்று பலர் எழுதினார்கள். ஆனால் தம் வீட்டு நாற்காலியைக் கொண்டுவரலாமா என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்றாவது மாதம் தேடுபொறி விளம்பரத்துக்கு மாறினோம். சொடுக்குகள் வருகின்றன, பணமும் தவறாமல் கழிகிறது, தொலைபேசி மட்டும் ஒலிப்பதில்லை. சில நாள்களில் நாங்கள் குறித்த தினசரித் தொகையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கழிந்திருந்ததைப் பார்த்துப் பதறிப்போனோம்.

எல்லாவற்றையும் வெளியாளிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது தம்பியின் கருத்து. மாதக் கட்டணம் தந்தால் தேடலில் முதலிடம் உறுதி என்று சொல்லி ஒருவர் வந்தும் போனார். எங்களிடம் இருப்பது சிறு தொகை. அது எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தேடுசொல் எழுதியது:

வணக்கம் ஐயா. எந்தத் தேடுபொறி என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பெரும்பாலோர் பயன்படுத்துவது கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

இரு மடங்கு கழிந்ததை முதலில் பார்த்துவிடுவோம். அது பிழையன்று. தேடுவோர் மிகுந்த நாளில் நீங்கள் குறித்த தொகையின் இரு மடங்கு வரை செலவாகலாம், குறைந்த நாளில் அதற்கேற்பக் குறையும், ஆனால் ஒரு மாதத்தின் மொத்தக் கட்டணம் தினசரித் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது என்பதே அங்குள்ள விதி. ஆகவே மாதத்துக்கு எவ்வளவு இழப்பதற்குத் துணிவு இருக்கிறது என்று முதலில் தீர்மானித்து, அதை 30.4ஆல் வகுத்து வருவதைத் தினசரித் தொகையாகக் குறித்துவிட்டால் பிறகு பதற்றமில்லை.

பூஸ்ட் செய்த விளம்பரம் தோற்றுவிட்டதாக நான் கருதவில்லை. விருப்பக்குறியும் கருத்தும் வேண்டும் என்று அமைத்தால், அவற்றை இடும் வழக்கமுள்ளவர்களைத் தேடித்தான் அந்த அமைப்பு படத்தைக் கொண்டு சேர்க்கும். கேட்டதை அது கொடுத்திருக்கிறது. உங்கள் தொழிலின் இயல்பும் வேறு. நாற்காலியின் கால் ஆடத் தொடங்கிய அன்றுதான் ஒருவருக்கு உங்கள் நினைவு வரும். அன்று அவர் தேடுபொறியில் எதையாவது தட்டச்சு செய்வார். எனவே தேடல் விளம்பரத்துக்கு மாறியது சரியான முடிவு என்பதே என் எண்ணம். ஒழுகல் அமைப்புகளில் இருக்க வேண்டும்.

கணக்கைத் திறந்து, தேடல் சொற்கள் அறிக்கையைப் பாருங்கள். இவற்றைத் தேடினால் எங்கள் விளம்பரத்தைக் காட்டுங்கள் என்று நீங்கள் விலை கூறிய சொற்கள் வேறு, மக்கள் உண்மையில் தட்டச்சு செய்தவை வேறு. பின்னவற்றை அந்த அறிக்கைதான் காட்டும். 2020 முதல் எல்லாத் தேடல்களையும் அது காட்டுவதில்லை என்றாலும், காட்டுவதே போதுமான பாடம். ‘நாற்காலி பழுது’ என்ற சொல்லைப் பரந்த பொருத்தத்தில், அதாவது அதோடு தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் அமைப்பில், விட்டிருந்தால், புது நாற்காலி விலை கேட்டவர், தானே சரிசெய்ய வழி தேடியவர், தச்சு வேலைவாய்ப்பு தேடியவர் என எல்லோருடைய சொடுக்குக்கும் நீங்கள் கட்டணம் செலுத்தியிருப்பீர்கள். சொற்றொடர்ப் பொருத்தத்துக்கோ (அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்கள்) துல்லியப் பொருத்தத்துக்கோ (அதே பொருளுள்ள தேடல்கள்) மாற்றுங்கள். ‘எப்படி’, ‘வேலைவாய்ப்பு’, ‘இலவசம்’, ‘பிளாஸ்டிக்’ போன்றவற்றை விலக்குச் சொற்களாக, அதாவது அவை உள்ள தேடல்களுக்கு விளம்பரம் காட்டாதபடி, சேர்த்துவிடுங்கள். ஒருமையை விலக்கினால் பன்மை தானாக விலகாது என்பதை மறவாதீர்கள். இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். இட அமைப்பில், அந்தப் பகுதியில் இருப்பவர்களோடு அப்பகுதியில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்வதே, நாம் மாற்றாதவரை, முன்னிருப்பாக இருக்கும். மேசையைத் தூக்கிக்கொண்டு வர முடியாத தொலைவில் இருப்பவருக்கு விளம்பரம் காட்டி உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றிவிடுங்கள். அதேபோல் தேடல் விளம்பரம் உருவாக்கும்போது, பிற தளங்களில் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க் என்ற பெட்டி ஏற்கெனவே குறியிடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

விளம்பர இடத்துக்காக நடக்கும் ஏலத்தில் பணம் மிகுந்தவரே வெல்வார் என்று பலர் அஞ்சி ஒதுங்குகிறார்கள். அப்படியன்று. நீங்கள் கூறும் விலையோடு, விளம்பரத்தைச் சொடுக்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு, தேடலுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், சொடுக்கியவர் வந்து சேரும் பக்கத்தின் தரம் ஆகியவையும் எடைபோடப்படுகின்றன. இம்மூன்றின் நிலையைத்தான் 1 முதல் 10 வரையிலான தரப்புள்ளி உங்களுக்குக் காட்டுகிறது. மரச்சாமான் என்று பொதுவாக எழுதிய பெரிய நிறுவனத்தைவிட, ‘ஆடும் நாற்காலிக் கால்களைச் சரிசெய்கிறோம்’ என்று எழுதிய சிறு பட்டறை குறைந்த விலை கூறியும் மேலே வரக்கூடும்.

பழைய வணிகர் எழுதியது:

காசு செலவழிக்கும் முன் காசில்லாமல் கிடைப்பதை முடித்துவிட்டீர்களா? கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் பட்டறையின் விவரங்களைக் காட்டும் வணிகச் சுயவிவரம் இலவசம். 2021 நவம்பருக்கு முன் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்தது அதுதான். வரைபடத்தில் உங்களை எவ்விடத்தில் காட்டுவது என்பதை அவர்கள் பொருத்தம், தொலைவு, பலரறிந்த நிலை ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். பணம் கட்டி அந்த இடத்தை உயர்த்த வழியில்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். முதலிடத்துக்கு உறுதி தந்தவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். வேலை முடித்து நாற்காலியை ஒப்படைக்கும்போது ஒரு மதிப்புரை எழுதும்படி ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், ஆனால் எழுதினால் கட்டணத்தில் தள்ளுபடி என்று சொல்லிவிடாதீர்கள், அது விதிமீறல்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சொடுக்கு வரையிலான கதை. அதற்குப் பிறகு நடப்பதை யாரும் தொடவில்லை.

உங்கள் பக்கத்தை மடிக்கணினியில் பார்க்காமல், வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். படங்கள் கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றப்பட்டிருந்தால், அவை விரிவதற்குள் வந்தவர் திரும்பிவிடுவார். தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் எழுதியிருந்தால் விரலால் தொட்டு அழைக்க முடியாது. எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு அழைக்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. நாற்காலிக் கால் ஆடுகிறது என்று வந்தவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதைச் சரிசெய்வீர்களா, எத்தனை நாளாகும், யாரை அழைப்பது என்ற மூன்றும்தான். பட்டறையின் வரலாறு கீழே இருக்கட்டும்.

அடுத்து, வழிகளைப் பிரித்தறிதல். அக்காலத்துச் செய்தித்தாள் விளம்பரங்களில் வெட்டி அனுப்பும் சீட்டில் ஒரு குறியீடு அச்சிட்டிருப்பார்கள். எந்தத் தாளைப் பார்த்து வாடிக்கையாளர் எழுதினார் என்று அதிலிருந்து தெரிந்துவிடும். இன்று இணைப்பு முகவரியின் வாலில் யுடிஎம் குறியீடு சேர்த்தால் அதே வேலை நடக்கிறது. அதைவிட எளிய வழியும் உண்டு: அழைப்பவரிடம் எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

பிறகு கணக்கு. 100 சொடுக்குகளில் 4 பேர் அழைத்து, அவர்களில் ஒருவர் வேலை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வேலையில் செலவு போக உங்களுக்கு மிஞ்சுவதில் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஒரு சொடுக்குக்குக் கொடுத்தால் நட்டம். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ஏலத்தில் விலை கூறுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். அதே வேளையில் 20 சொடுக்குகளைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பும் எழுதக் கூடாது. சராசரியாக 100க்கு 2 பேர் அழைக்கும் விளம்பரத்தில்கூட, முதல் 100 சொடுக்குகளில் ஒருவரும் அழைக்காமல் போவதற்கு 13 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம், தவறாக எண்ண வேண்டாம். ரம்பமும் தேய்ப்பு இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையில் தொலைபேசி ஒலித்தால் உங்களுக்குக் கேட்குமா?

மரப்பட்டறை எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயாவின் கடைசிக் கேள்வியைப் படித்ததும் தம்பியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். விளம்பரத்தில் கொடுத்திருப்பது அவன் எண். இந்த மாதத்தில் மட்டும் அறியாத எண்களிலிருந்து வந்து எடுக்கப்படாமல் போன அழைப்புகள் 11. ஏழு அழைப்புகள் முற்பகலில், இயந்திரம் ஓடும் நேரத்தில் வந்தவை. ஒன்றுக்கும் திருப்பி அழைக்கவில்லை. கடன் அட்டை விற்பவர்கள் என்று நினைத்தானாம்.

தேடல் சொற்கள் அறிக்கையையும் திறந்தேன். நாங்கள் கட்டணம் செலுத்திய சொடுக்குகளில் ‘நாற்காலி படம் வரைவது எப்படி’ என்று தேடியவர்களும் இருக்கிறார்கள். யாரோ ஒரு குழந்தையின் வீட்டுப்பாடத்துக்கு நாங்கள் உதவியிருக்கிறோம். விலக்குச் சொற்களைச் சேர்த்துவிட்டேன், இட அமைப்பையும் மாற்றியாயிற்று. எண் எங்கள் பக்கத்தில் படத்துக்குள்தான் இருக்கிறது, நாளை மாற்றுகிறோம்.

ஒரே ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தம்பி இன்னும் வெளியாளை அமர்த்தலாம் என்கிறான். அப்படிச் செய்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

தேடுசொல் எழுதியது:

இந்த மாற்றங்களோடு ஒரு மாதம் நீங்களே நடத்திப் பாருங்கள்; மாறிய எண்கள் கையில் இருந்தால்தான் வருகிறவர் வேலையை எடைபோட முடியும். பிறகும் அமர்த்துவதானால், விளம்பரக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் உங்கள் பெயரில் இருக்கட்டும். அவருக்கு உள்நுழையும் அனுமதி மட்டும் கொடுங்கள். அவர் தம் கணக்கில் நடத்தினால், பிரியும்போது விலக்குச் சொற்களும் பழைய பதிவுகளும் அவரோடு போய்விடும். அவருடைய கட்டணம் எவ்வளவு, விளம்பரத்துக்குப் போவது எவ்வளவு என்பதைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

விளம்பரம் காட்டும் நேரத்தையும் நீங்களே குறிக்க முடியும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்காரும் நேரமாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 11 பேரையும் இன்றே அழைத்துவிடுங்கள். நாற்காலி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.