ஸ்விட்சில் பனேல் டி பான்: செயின் நீளவே மாட்டேன் என்கிறது

கேள்வி: நிண்டெண்டோவின் ஸ்விட்ச் ஆன்லைன் சேவையில் இருக்கும் புதிர் ஆட்டம் இது, 1995-ல் அவர்களின் பழைய கேம் கருவியான சூப்பர் ஃபாமிகாமில் வந்தது. ஒரே நிறக் கட்டங்கள் மூன்று சேர்ந்தால் மறைகிறது, செயின் (மறைந்த இடத்தில் மேலிருந்து விழுபவை அடுத்தடுத்துச் சேர்ந்து மறைவது) மட்டும் 2-ஐத் தாண்டுவதில்லை. பட்டனும் தாமதமாகக் கேட்கிறது.

பதில் 1: கர்சர் பக்கவாட்டில் உள்ள இரண்டு கட்டங்களைத்தான் இடம் மாற்றும், மேல் கீழாக மாற்றாது. கட்டங்கள் மின்னி மறையும் இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். மேலே இருப்பது விழப்போகும் இடத்தில் அதே நிறம் இரண்டை அதற்குள் தயாராக வையுங்கள். எல்லாம் விழுந்து அடங்கிய பிறகு சேர்த்தால் செயின் அறுந்துவிடும்.

பதில் 2: தாமதத்துக்கு டிவியில் கேம் மோட் போடுங்கள். எல் அல்லது ஆர் அழுத்தினால் அடுக்கு உயரும். பாதியாவது நிரம்பியிருந்தால்தான் செயினுக்குச் சரக்கு கிடைக்கும்.

பதில் 3: இசட்எல், இசட்ஆர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஆட்டம் பின்னோக்கி ஓடும். தவறிய இடத்திலிருந்தே மறுபடி பழகலாம்.