'சாம்பிள்' என்பதற்கு 'மாதிரி' பொருந்துமா? ஒலிப்பதியம்: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

முன்பே பதிவான ஒலியின் ஒரு பகுதியை எடுத்து வேறொரு பாடலில் வைப்பதைக் குறிக்க இசையில் வழங்கும் 'சாம்பிள்' என்ற சொல்லுக்கு 'மாதிரி' என்பதையே நம் கலைச்சொற் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று பெரம்பூர் அன்பர் எழுதியதையும், அதையொட்டி 'ஒலித்துணுக்கு', 'வெட்டொலி', 'மேற்கோள் ஒலி' என்று மற்றவர்கள் அடுத்தடுத்துத் தந்த சொற்களையும் நிதானமாகப் படித்தேன். எல்லாரும் சொல்லை எடைபோட்டோமே தவிர, அந்தச் சொல் சுமக்கவேண்டிய பொருளை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆகவே, எடுத்து ஒட்டிய ஒலிகளாலேயே பெயர்பெற்ற ஒரு பாடல் தொகுப்பை இத்தனை ஆண்டுகள் கழித்து மறுபடியும் முழுமையாகக் கேட்டு, முன்மொழியப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் அதில் பொருத்திப் பார்த்து இதை எழுதுகிறேன்.

தொகுப்பு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் குழுவான பிரைமல் ஸ்க்ரீம் 1991 செப்டம்பரில் வெளியிட்ட 'ஸ்க்ரீமடெலிக்கா'. கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஒரு ராக் குழு, நடன அரங்குகளில் இசைத்தட்டு சுழற்றுபவரான ஆண்ட்ரூ வெதராலிடம் தன் பாடல்களை ஒப்படைத்ததால் பிறந்தது அது. சிறந்த பாடல் தொகுப்புக்காகப் பிரிட்டனில் 1992-ல் முதன்முதலாக வழங்கப்பட்ட மெர்க்குரி பரிசு அதற்குத்தான் கிடைத்தது. பர்மா பஜாரில் கிடைத்த நகல் கேசட்டுகளின் அட்டையில் பாடல் பெயர்களைத் தவிர வேறொன்றும் இருக்காது. அதனால் அதைக் கேட்ட நம்மில் பலருக்கு, உள்ளே ஒலிக்கும் எந்தக் குரல் யாருடையது, எது குழுவினர் பாடியது, எது வேறொரு தட்டிலிருந்து வந்தது என்பது வெகுகாலம் தெரியாது. இன்று அவை தெரிந்து கேட்கும்போது தொகுப்பின் மதிப்பு எனக்குக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. பிற்பாதியில் வரும் மெதுவான பாடல்கள் சில இப்போது சற்றே சோர்வாக இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன், நம் விவாதத்துக்கு அவற்றால் பயனில்லை.

முதற்பாடலான 'மூவிங் ஆன் அப்'பை எடுத்துக்கொள்வோம். அதைக் கேட்டவுடன், ஆங்கில ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸை அறிந்த எவரும் "ரோலிங் ஸ்டோன்ஸ் மாதிரி இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அப்படித் தோன்றுவதற்குக் காரணமும் உண்டு: 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் ஸ்டோன்ஸ் குழுவின் தொகுப்புகளைத் தயாரித்த ஜிம்மி மில்லரே இந்தப் பாடலையும் தயாரித்தார். ஆனால் இதன் ஒலியமைப்பு ஸ்டோன்ஸை நினைவூட்டுவதற்கு அவர்களுடைய பதிவு எதுவும் இதில் ஒட்டப்பட்டிருப்பது காரணமில்லை. இது முழுக்கச் சாயல். இன்னொரு பாடலான 'லோடட்'டில் சாயலுக்கு வேலையில்லை, பிறருடைய பதிவுகள் பதிவுகளாகவே வந்து உட்காருகின்றன. தமிழில் 'மாதிரி' என்றால் 'போல' என்பதே முதலில் தோன்றும் பொருள். "இந்தத் தொகுப்பில் மாதிரிகள் மிகுதி" என்று நாம் எழுதினால், வாசகர் 'மூவிங் ஆன் அப்'பைத்தான் நினைத்துக்கொள்வார். சொல் நேர் எதிரான பாடலைச் சுட்டிவிடுகிறது. இந்த ஒரு காரணமே 'மாதிரி'யைத் தள்ளிவைக்கப் போதுமானது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஒலியை எண்முறையில் பதியும்போது, குறுந்தட்டின் தரத்தில், வினாடிக்கு 44,100 முறை அலையின் உயரம் அளக்கப்படுகிறது. அந்த ஒவ்வோர் அளவையும் ஆங்கிலத்தில் சாம்பிள் என்றே சொல்கிறார்கள். அங்கே 'மாதிரி' என்றோ, புள்ளியியலில் 'கூறெடுப்பு' என்பதைப் பின்பற்றிக் 'கூறு' என்றோ சொல்வது தகும். ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்துவிட்டது என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி 'லோடட்'டுக்குள் சற்று விரிவாகப் போகவேண்டும், ஏனென்றால் நமக்கு வேண்டிய வேறுபாடுகள் அத்தனையும் அந்த ஏழு நிமிடத்துக்குள் இருக்கின்றன. குழு 1989-ல் வெளியிட்ட தொகுப்பில் இருந்த ஒரு மெதுவான காதற்பாடலை வெதரால் பிரித்துப்போட்டு, அதன் கிதாரையும் ஊதுகருவிகளையும் வைத்துக்கொண்டு, பாட்டின் பெரும்பகுதியை அகற்றினார். தொடக்கத்தில் 1966-ல் வந்த 'தி வைல்ட் ஏஞ்சல்ஸ்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தின் உரையாடல் வருகிறது. நீங்கள் என்னதான் செய்ய விரும்புகிறீர்கள் என்று போதகர் ஒருவர் கேட்க, நினைத்ததைச் செய்யும் விடுதலை வேண்டும் என்று நடிகர் பீட்டர் ஃபோண்டாவின் குரல் பதில் சொல்கிறது. இடையில், எமோஷன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு பாடிய ஒரு வரி திரும்பத் திரும்ப எழுகிறது. பிறகு பிரைமல் ஸ்க்ரீமின் பாடகர் பாபி கில்லெஸ்பி, ப்ளூஸ் இசைக்கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1936-ல் பதிவுசெய்த 'டெரப்ளேன் ப்ளூஸ்' பாடலின் ஒரு வரியைத் தன் குரலில் பாடுகிறார்.

'மேற்கோள் ஒலி' என்று எழுதிய அன்பருக்கு என் மறுமொழி இந்த இடத்தில்தான் இருக்கிறது. கில்லெஸ்பி ஜான்சனின் வரியைத் தன் வாயால் பாடுவது மேற்கோள். "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்று நன்னூல் இசைவளித்ததும், திருக்குறள் அடியைச் சாத்தனார் மணிமேகலைக்குள் வைத்து அதைப் 'பொய்யில் புலவன் பொருளுரை' என்று போற்றியதும் அந்த வகையைச் சேர்ந்தவையே. எழுத்தில், ஒரு சொல்லை யார் எழுதினாலும் அது அதே சொல். ஒலியில் அப்படியில்லை, ஃபோண்டாவின் வசனத்தை வேறொருவர் பேசியிருந்தால் சொற்கள் அவையாகவே இருந்திருக்கும், ஒலி வேறாகியிருக்கும். ஃபோண்டாவின் தொண்டையும், அன்று அதைப் பிடித்த மைக்கும், படச்சுருளின் இரைச்சலும் சேர்ந்தே அந்தப் பாட்டுக்குள் வந்திருக்கின்றன. அதே தொகுப்பின் 'கம் டுகெதர்' பாடலில் வரும், அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் பேச்சும் அத்தகையது: 1972-ல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த வாட்ஸ்டாக்ஸ் இசைவிழாவின் திறந்தவெளியை அந்தக் குரலோடு சேர்த்தே கேட்கிறோம். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அந்தப் பாடலுக்கு உயிரே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இந்த வேறுபாடு வடசென்னைக்காரர்களுக்குப் புதிதன்று. கானாவில் பழைய திரைப்பாடலின் மெட்டை எடுத்துக்கொண்டு புதிய சொற்களைக் கட்டுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. "அந்த மெட்டுல கட்டினது" என்று அதை வெளிப்படையாகவே சொல்வார்கள். மெட்டு வருகிறது, பதிவு வரவில்லை. ஆனால் காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ திருமணக் கச்சேரியில் பேட் (குச்சியால் தட்டினால் ஏற்றிவைத்த ஒலியை எழுப்பும் மின்னணுக் கருவி) வாசிப்பவரை அருகில் நின்று கவனித்தால் மற்றது தெரியும். சட்டி மேளத்தை ஒருமுறை அடித்துப் பதிந்து, அந்த அடியை ஒரு கட்டத்தில் ஏற்றி வைத்திருப்பார். குச்சி ரப்பரில் படும்போது மேடையில் சட்டியே இல்லாமல் சட்டி பேசும். "இதுல சட்டி ஏத்திருக்கேன்" என்பது அவர்கள் பேச்சு. இதிலிருந்து 'ஏற்றொலி' என்று ஒரு சொல்லை எடுக்கலாமா என்று நான் வெகுநேரம் யோசித்தேன். அது கருவிக்குள் போவதைச் சொல்கிறது, எங்கிருந்தோ எடுக்கப்பட்டதைச் சொல்லவில்லை, அதனால் விட்டேன். 'எடுப்பு' என்பதும் உதவாது, தமிழிசையில் அது பல்லவிக்கு உரிய பெயர். 'துணுக்கு', 'வெட்டு' இரண்டும் அளவையும் செயலையும் சொல்லி நின்றுவிடுகின்றன. வெட்டிய துண்டு இன்னோரிடத்தில் உயிர்பெற்று வளர்வது அவற்றில் இல்லை.

நான் முன்வைப்பது 'பதியம்', முழுமையாகச் சொன்னால் 'ஒலிப்பதியம்'. ரோஜாவையும் மல்லிகையையும் பதியம் போடுவதை மாதவரம் பக்கத்து நாற்றங்கால்களில் மட்டுமல்ல, தண்டையார்பேட்டை மொட்டைமாடிகளிலும் காணலாம். தாய்ச்செடியின் கிளையை வளைத்து மண்ணில் பதித்து, வேர்விட்ட பின் அறுத்து வேறு தொட்டியில் வைக்கிறோம். விதையிலிருந்து வரும் செடி தாயை ஒத்திருக்கும், ஆனால் தாயாக இருக்காது. பதியத்தில் வருவது தாய்ச்செடியின் உடலே. சாயலுக்கும் மேற்கோளுக்கும் சாம்பிளுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சொல் தன்னிலேயே வைத்திருக்கிறது. எடுத்ததால் தாய் அழிவதில்லை என்பதும் பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு என்பதும் பதியம் என்பதும் 'பதி' என்ற ஒரே வேரின் கிளைகள். பதிவிலிருந்து எடுப்பதைப் பதியம் என்பதில் காதுக்கு உறுத்தல் எதுவும் இல்லை.

வழக்கில் வைத்துப் பாருங்கள். "1991-ல் வெளிவந்த 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாடலிலிருந்து எடுத்த ஒலிப்பதியம், ஈழத்தமிழ் வழிவந்த பிரிட்டிஷ் பாடகி எம்.ஐ.ஏ.வின் 2007-ஆம் ஆண்டுத் தொகுப்பான 'கலா'வின் முதற்பாடலில் இடம்பெறுகிறது." "இந்தப் பதியம் வினாடிக்கு 44,100 கூறுகள் கொண்ட பதிவிலிருந்து எடுக்கப்பட்டது." இரண்டாவது வாக்கியத்தை 'மாதிரி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எழுத முயன்றால் சிக்கல் உடனே புரியும். வினையாகப் 'பதியமிடு' என்றும், கருவியைப் 'பதியக்கருவி' என்றும் சொல்லலாம். பேட் வாசிப்பவர்களின் பேட், பேட்டாகவே இருக்கட்டும். அவர்கள் நாவில் ஊறிய சொல்லை மாற்றச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

பட்டியலுக்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: "ஒலிப்பதியம்: முன்பே பதிவான ஓர் ஒலியின் பகுதி, மறுபடி பாடப்படாமலும் வாசிக்கப்படாமலும், அப்பதிவாகவே எடுக்கப்பட்டு வேறோர் இசைப்படைப்பில் பயன்படுத்தப்படுவது." 'பிறருடைய' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், வெதரால் அந்தக் குழுவின் சொந்தப் பாடலிலிருந்து கிதாரை எடுத்ததும், பேட் வாசிப்பவர் தானே அடித்துப் பதிந்த சட்டியை ஏற்றியதும் இதில் அடங்கவேண்டும். உரிமை, அனுமதி ஆகியவை சட்டத்தின் பாற்பட்டவை, சொல்லின் வரையறையில் அவற்றைக் கலக்கவேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. 'லோடட்'டின் தாளம், பதியமிட்ட சிறு பகுதியொன்றை முடிவின்றிச் சுற்றவிட்டு அமைத்தது. அந்த 'லூப்'புக்கு 'ஆவர்த்தம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தாளத்தின் சுற்றுக்கு ஏற்கெனவே உரியது. 'சுழல்' சரிவருமா என்று தாளக்கருவி வாசிக்கும் அன்பர்கள் தனி இழையில் எழுதினால் நலம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து